பாய்ப்படகுக்குள் குடியிருப்பு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகு, 12 வோல்ட் மின்சாரம், கையால் அடிக்கும் கடல்நீர் டாய்லெட், மேல்மூடி ஃபிரிட்ஜ், எரிவாயு அடுப்பு. லங்காவி, புக்கெட், திருகோணமலை, கொச்சி என்று வெப்பக் கடல்களில் மாதக்கணக்கில் தங்கும் படகுகளில் இந்த அமைப்பை நிறையப் பார்க்கலாம். கீழே உள்ளதெல்லாம் அதை மனதில் வைத்து எழுதியதுதான்.

படகுக்குள் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறொன்று. டெக்கில், அதாவது மேல்தளத்தில், நுழைந்த நீர் உட்கூரைக்குப் பின்னால் 2 மீட்டர் ஓடி யாரோ ஒருவர் தலையணையில் சொட்டும். ஃபிரிட்ஜ் குளிராததற்குக் காரணம் மெல்லிய வயராக இருக்கும். அதனால் எதற்கும் முதலில் காசு செலவில்லாத சோதனை, பிறகுதான் ஸ்பேனர். சோதனை முடியும்வரை ஒரு உதிரிபாகமும் வாங்க வேண்டாம். மல்டிமீட்டர், டார்ச், டால்கம் பவுடர், பழைய துணி, பென்சில் இவை கையில் இருந்தால் போதும்.

## டாய்லெட்டில் அழுகிய முட்டை நாற்றம்

நாற்றம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். விடை அதிலேயே இருக்கிறது.

காலையில் முதல் அடி அடித்ததும் குப்பென்று வந்து, பத்துப் பதினைந்து அடிக்குள் போய்விடுகிறதா? அப்படியானால் கழிவுக் குழாய்மேல் பழி இல்லை. உள்ளே வரும் கடல்நீர்தான் நாறுகிறது. உள்வரும் குழாயில் தேங்கிய நீரிலுள்ள நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் செத்து அழுகி, காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. வெப்பக் கடலில் இதற்கு ஒரு நாள் போதும். பிளீச்சிங் ஊற்றுவது பலர் செய்யும் வேலை. அது பம்பின் ரப்பரைக் கெடுக்குமே தவிர அடுத்த நாள் நாற்றத்தைத் தடுக்காது. குழாயில் கடல்நீர் தேங்காமல் இருப்பதுதான் வழி. வாஷ்பேசின் வடிகாலை டாய்லெட்டின் உள்வரும் குழாயோடு ஒரு டீ (T வடிவ) இணைப்பில் சேர்த்திருக்கும் படகுகளில் இது சுலபம்: உள்வரும் சீகாக்கை (படகின் உடலில் கடல்நீர்த் துளையை மூடித் திறக்கும் வால்வை) மூடுங்கள், பேசினில் நல்ல தண்ணீர் நிரப்புங்கள், பம்பை அடியுங்கள். பேசின் தண்ணீர் குழாய் முழுதும் இறங்கிவிடும். இரவு படுக்குமுன்னும், படகை விட்டு இரண்டு நாள் வெளியே போகும்போதும் இதைச் செய்தால் போதும். டீ இணைப்பு இல்லையென்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் குடிநீர்ப் பம்பின் அழுத்தக் குழாயை டாய்லெட்டோடு நேரடியாக ஒருபோதும் இணைக்காதீர்கள். கழிவு குடிநீருக்குள் திரும்பி வர அது வழி திறந்துவிடும்.

நாற்றம் எந்நேரமும் இருந்துகொண்டே இருந்தால் கழிவுக் குழாயைச் சந்தேகிக்கலாம். கொதிக்கக் கொதிக்க நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயின் ஒரு பகுதியில் சுற்றுங்கள். ஆறியதும் துணியை வெளியே கொண்டுபோய் முகருங்கள். துணி நாறினால் குழாயின் சுவரே நாற்றத்தை வெளியே விடுகிறது. அதற்குக் கழுவித் தீர்வு கிடையாது, மாற்ற வேண்டியதுதான். 38 மி.மீ. உள்விட்டமுள்ள, கழிவுக்கென்றே தயாரான தடித்த குழாயை வாங்குங்கள். தோட்டத்துக் குழாயும் சுருள்கம்பி தெரியும் மெல்லிய குழாயும் இந்த வேலைக்கு ஆகாது. புதுக் குழாய் பொருத்தியில் ஏறாவிட்டால் முனையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு முனைக்கும் எதிரெதிர் திசையில் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்.

குழாய் சீக்கிரம் கெடுவதில் நம் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. 38 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர் கொள்ளும். டாய்லெட்டிலிருந்து வெளியேறும் இடம்வரை 3 மீட்டர் என்றால், மூன்றரை லிட்டராவது தள்ளினால்தான் கழிவு முழுவதும் வெளியே போகும். தண்ணீர் தெளிந்ததும் அடிப்பதை நிறுத்துகிறவர் கழிவைக் குழாயின் தாழ்ந்த வளைவில் தேக்கி வைக்கிறார். உங்கள் பம்ப் ஓர் அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று ஒரு வாளியில் அளந்து பார்த்து, எத்தனை அடி வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். விருந்தாளிகள் வரும் படகில் இது கட்டாயம்.

## டாய்லெட் தொட்டியில் தானாக நீர் ஏறுகிறது

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். டாய்லெட் தொட்டியின் விளிம்பு பெரும்பாலான படகுகளில் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும், படகு சாய்ந்து ஓடும்போது இன்னும் கீழே போகும். குழாய் தானாகவே கடல்நீரை உறிஞ்சி இழுக்கும் சைபன் ஒன்று தொடங்கிவிட்டால் தொட்டி நிரம்பி வழிந்து படகுக்குள் கடல் வரும். அறிகுறி தெரிந்த உடனே உள்வரும், வெளியேறும் இரண்டு சீகாக்கையும் மூடுங்கள். சோதனை அதன் பிறகு.

ஏறும் நீர் அழுக்காக இருந்தால் ஜோக்கர் வால்வு தேய்ந்திருக்கிறது. கழிவு வெளியேறும் வாயில், வாத்து அலகு வடிவில் ரப்பரால் ஆனது அது. உப்புப் படிவம் ஒட்டி அலகு முழுசாக மூடாமல் நிற்கும். ஆண்டுக்கு ஒன்று மாற்றுவது வழக்கம், விலையும் குறைவு. இரண்டு உதிரி வைத்திருங்கள்.

ஏறும் நீர் தெளிவாக இருந்தால் உள்வரும் பக்கம் சைபன். அதைத் தடுக்கும் வென்டட் லூப், அதாவது உச்சியில் சிறு காற்று வால்வு கொண்ட தலைகீழ் U வளைவு, பம்புக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்க வேண்டும். சீகாக்குக்கும் பம்புக்கும் இடையில் போட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும், தண்ணீர் இழுக்காது. இந்தத் தவறு பல படகுகளில் உண்டு. வளைவின் உச்சி, படகு எவ்வளவு சாய்ந்தாலும் கடல் மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே நிற்கும்படி ஏற்றுங்கள். வளைவு இருந்தும் நீர் ஏறுகிறதென்றால் அந்தச் சிறு வால்வை உப்பு அடைத்திருக்கிறது. கழற்றி வெதுவெதுப்பான நல்ல நீரில் கழுவினால் சரியாகும்.

கைப்பிடி இறுகிப்போனால் பம்புக்குச் சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலிய மசகு ரப்பரை உப்ப வைக்கும். சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அவசரத்துக்கு உதவும், ஆனால் ஓரிரு நாள்தான் தாங்கும். கிரீஸ் பூசியும் ஒவ்வொரு அடிக்கும் எதிர்ப்பு இருந்தால் கழிவுக் குழாயில் காறை கட்டியிருக்கிறது. சிறுநீரும் கடல்நீரின் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் அந்தப் படிவம் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கிவிடும். வாரம் ஒரு முறை அரை லிட்டர் வினிகரைக் குழாயில் இரவெல்லாம் நிற்க விட்டால் புதிதாகக் கட்டாது. ஏற்கெனவே கட்டியதற்குக் குழாயைக் கழற்றி வெளியே கொண்டுபோய் காங்கிரீட் தரையில் அடித்து உதிர்ப்பதுதான் பழைய, நம்பகமான முறை. அமிலம் பயன்படுத்துகிறவர்கள் அதே நாளில் பிளீச்சிங்கைத் தொட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அந்தச் சிறிய அறைக்குள் ஓட இடமில்லை.

## மெத்தை எப்போதும் ஈரமாக இருக்கிறது

ஒரு சமையல் அலுமினியத் தாளை மெத்தைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் விரித்து ஓர் இரவு தூங்குங்கள். காலையில் தாளின் மேல்பக்கம் ஈரமென்றால் நீர் உங்கள் உடம்பிலிருந்தும் அறைக் காற்றிலிருந்தும் வந்தது. கீழ்ப்பக்கம் ஈரமென்றால் கீழேயுள்ள லாக்கரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ பிழை. இரண்டு பக்கமும் காய்ந்திருக்க மெத்தை மட்டும் பிசுபிசுத்தால், துணியில் உப்பு இருக்கிறது.

மேல்பக்க ஈரம் பெரும்பாலும் குளிர்ந்த கடல்களின் தொல்லை. மத்தியதரைக் கடலின் குளிர்காலத்தில் தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கும்போது, ஹல், அதாவது படகின் உடல், அதன் சுவர் குளிர்ந்து, மெத்தைக்கடியில் மூச்சுவிட வழியில்லாத காற்று நீராகக் கோத்துக்கொள்ளும். மெத்தையைப் பிளைவுட்டிலிருந்து ஒரு விரல்கடை உயர்த்தி, அடியில் காற்று ஓட விட்டால் தீரும். பிளாஸ்டிக் ஸ்பிரிங் தட்டுகள் வாங்கலாம், மரச் சட்டங்களை அடிக்கலாம். வேறு வழியில்லையென்றால் பிளைவுட்டில் 30 மி.மீ. துளைகளை 15 செ.மீ. இடைவெளியில், ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். வெட்டிய வாய்களுக்கு எபாக்சி பூச மறக்க வேண்டாம்.

நம் கடல்களில் நீர் 28, 29 டிகிரி. அங்கே இந்தத் துளைகளால் பெரிய பலன் இல்லை, உப்பைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்குகிறது. கடலோர இரவுகளில் ஈரப்பதம் 75-க்கு மேலேயே நிற்கும். ஆக, ஒரு முறை கடல்நீர் தெளித்த குஷன் வெயிலில் எத்தனை நாள் காய்ந்தாலும் ராத்திரி மறுபடி நனையும். உறையைக் கழற்றிச் சோப்பில்லாமல் நல்ல நீரில் இரண்டு முறை அலசுங்கள். ஃபோமையும் குளியல்தொட்டியிலோ ரப்பர் படகிலோ போட்டு மிதித்து அலசி நிழலில் உலர்த்துங்கள். பிழிந்த நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்காமல் இருந்தால் முடிந்தது. அதன் பிறகு நனைந்த உடுப்போடு யாரையும் படுக்கையில் உட்கார விடாதீர்கள். ஏணிக்கு அருகில் ஒரே ஓர் இருக்கையை ரெக்சின் உறை போட்டு ஈர ஆட்களுக்கென்று ஒதுக்குவது நல்ல ஏற்பாடு.

உட்கூரை வினைல் தளர்ந்து தொங்குவதை ஈரம் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். வினைலின் பின்னாலுள்ள மெல்லிய ஃபோம் வயதாகிப் பொடியாகிவிட்டது, அவ்வளவுதான். பசை ஊசி போட்டு ஒட்டினாலும் ஒரு பருவம் நிற்காது. கிழித்தெறிந்து, ஃபோமைக் கம்பி பிரஷ் போட்டு முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் புதியது ஒட்ட வேண்டும்.

## மழை பெய்தால் படுக்கைமேல் சொட்டுகிறது

சொட்டுக்கு நேர் மேலே உள்ள எதையும் கழற்றாதீர்கள். முதலில் உட்கூரைப் பலகையை இறக்குங்கள். பின்னால் காயவைத்துத் துடைத்து, சந்தேகமான பாதை முழுக்க டால்கம் பவுடர் தூவுங்கள். பிறகு ஒருவர் டெக்கில் நின்று குழாயில் நீர் விடட்டும், ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுக்கட்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும், டெக்கில் போல்ட் போட்டு மாட்டிய ஒவ்வொரு பொருத்தியிலும் 10 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. பவுடரில் நீர் கிழிக்கும் கோட்டைப் பின்பற்றிப் போனால் வாய் கிடைக்கும்.

கிடைக்காத ஓட்டைக்கு இன்னொரு வித்தை உண்டு. எல்லா ஹேட்ச்சையும் (டெக்கிலுள்ள திறப்பு மூடிகளை) மூடி, உள்ளே இறங்கும் ஏணிவாயை அட்டையும் டேப்பும் கொண்டு அடைத்து, அதில் ஒரு புளோயரின் வாயைச் செருகி உள்ளே காற்றை ஊதுங்கள். வெளியே ஒவ்வொரு பொருத்தியைச் சுற்றியும் சோப்பு நீர் தெளித்தால், ஓட்டை குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டையின் வெளிவிளிம்பில் சிலிக்கானைப் பிதுக்கி விடுவது தீர்வல்ல. சில மாதம் சொட்டு நிற்கும். ஆனால் வேறு வாயில் நுழைந்த நீர் டெக்கின் நடுவிலுள்ள பால்சா மரத்துக்குள் ஓடி அதை அழுகச் செய்யும். பொருத்தியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டுங்கள். 6 மி.மீ. போல்ட் துளையை 12-க்குப் பெரிதாக்குங்கள், ஆனால் உட்பக்கத்து ஃபைபர்கிளாஸ் தோலைத் துளைக்க வேண்டாம். ஓரத்து மரத்தைக் காயவைத்து, முதலில் நீர்த்த எபாக்சி தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்புங்கள். ஒரு நாள் விட்டு நடுவில் 6 மி.மீ. துளை போட்டு, மேல்வாயை அகலமான பிட்டால் சற்றுக் குடைந்து கிண்ணமாக்குங்கள். பியூட்டைல் டேப்பை (பிசுபிசுத்த ரப்பர் டேப்பை) பொருத்தியின் அடியிலும் போல்டின் கழுத்திலும் சுற்றி மாட்டுங்கள். இறுக்கும்போது போல்ட்டைச் சுழற்றாதீர்கள், உள்ளேயிருக்கும் நட்டை மட்டும். பியூட்டைல் மெதுவாகவே பிதுங்கும், எனவே மூன்று நான்கு நாள், நாளுக்குக் கால் சுற்று.

ஜன்னல்களுக்கு விதி வேறு. அக்ரிலிக் கண்ணாடிக்குப் பாலிசல்ஃபைடு ஒத்துக்கொள்ளாது, வெடிப்பு விட வைக்கும். பாலியூரித்தேனும் வேண்டாம். சிலிக்கான் அல்லது பியூட்டைல்தான். ஒரு மீட்டர் அக்ரிலிக், இரவுக்கும் மதிய வெயிலுக்கும் 30 டிகிரி வேறுபாட்டில் 2 மி.மீ. நீளும். திருகுத் துளையை அதற்கு இடம் விட்டுப் போடாதவர்கள் அடுத்த கோடையில் மூலையிலிருந்து கிளம்பும் கீறலைப் பார்ப்பார்கள்.

அடிவயிற்றில், அதாவது பில்ஜில், நீர் சேர்ந்தால் விரல் நுனியில் தொட்டுச் சுவையுங்கள். கரித்தால் சீகாக், குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழைவாய் என்று பாருங்கள். கரிக்காவிட்டால் மழை, தொட்டி, சுடுநீர்க் கொதிகலனின் பாதுகாப்பு வால்வு, ஃபிரிட்ஜ் வடிகால். டீசல் வாடை அடித்தால் சுவைக்க வேண்டாம்.

## ஃபிரிட்ஜ் குளிரவில்லை, பேட்டரி மட்டும் காலியாகிறது

இது பெரும்பாலும் வயரில் முடியும், கம்ப்ரஸரில் அல்ல. 12 வோல்ட் படகுகளில் டான்ஃபாஸ் பி.டி.35, பி.டி.50 வகைக் கம்ப்ரஸர் பரவலாக உண்டு. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்னழுத்தம் 10.4 வோல்ட்டுக்கு இறங்கினால் நிறுத்திவிடும், 11.7-க்கு ஏறினால்தான் மறுபடி தொடங்கும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் இடையில் மெல்லிய வயரும் களிம்பு பிடித்த ஃபியூஸ் இருக்கையும் இருந்தால் பெட்டிக்கு 10 வோல்ட்தான் போய்ச்சேரும். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைக்காதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் முனையில் வைத்து, கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் படியுங்கள். பேட்டரியிலிருந்து 2.5 மீட்டர் தூரம்வரை 2.5 சதுர மி.மீ. வயர், 4 மீட்டருக்கு 4, 6 மீட்டருக்கு 6 என்பது உற்பத்தியாளர் சொல்லும் கணக்கு. நினைவில் வைக்கவும் எளிது.

பெட்டியில் எல்.இ.டி. இணைத்திருந்தால் அது பேசும். நான்கு நொடிக்கொருமுறை ஒரு சிமிட்டல் என்றால் மின்னழுத்தம் குறைவு. இரண்டு என்றால் ஃபேன் அதிக மின்சாரம் இழுக்கிறது. மூன்று என்றால் மோட்டார் தொடங்க முடியவில்லை, நான்கு என்றால் சுமையால் வேகம் எடுக்கவில்லை, ஐந்து என்றால் பெட்டி சூடேறிவிட்டது. எல்.இ.டி. இல்லாதவர்கள் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், இருளில் தேடும் வேலை போகும்.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் குளிராவிட்டால் உறைதட்டைப் பாருங்கள். தட்டில் ஒரு பாதி மட்டும் பனி பிடித்திருந்தால் வாயு குறைவு, மெக்கானிக்கை அழையுங்கள். முழுவதும் வெள்ளையாக இருந்தும் ஃபிரிட்ஜ் பெட்டி சூடாக இருந்தால் குளிர் எங்கோ தப்பிக்கிறது. மூடியின் ரப்பருக்கு அடியில் ஒரு தாள் வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் போயிற்று. பெட்டியின் அடி வடிகால் திறந்திருக்கிறதா? குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே அந்தத் துளை வழியே வடியும். ஒரு தக்கை போடுங்கள். உறைபனி 6 மி.மீ. தாண்டினால் அதுவே போர்வையாகிவிடும், உருக விடுங்கள், கத்தியால் குத்தி எடுக்க வேண்டாம். எஞ்சின் அறைக்குள் கம்ப்ரஸரை வைத்திருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வெப்பக் கடலில் நாளில் பாதி நேரம் ஓடும். 5 ஆம்பியர், 12 மணி நேரம் என்றால் 60 ஆம்பியர்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் ஃபிரிட்ஜுக்கு மட்டுமே 120 ஆம்பியர்-மணி வேண்டும். சுவர்க் காப்பு 10 செ.மீ. பாலியூரித்தேன் ஃபோம் இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். பழைய ஐரோப்பியப் படகுகளில் பாதிதான் இருக்கும்.

## குழாய் திறக்காமலே தண்ணீர்ப் பம்ப் துடிக்கிறது

பம்பை ஒட்டி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலுள்ள வால்வை மூடுங்கள். அப்போதும் துடித்தால் பம்பின் உள் வால்வில் மணல் சிக்கியிருக்கிறது, தலையைக் கழற்றிக் கழுவலாம். துடிப்பு நின்றால் கசிவு அதற்குப் பிறகு எங்கோ. குழாய் இணைப்புகள் அனைத்தையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள்.

பம்ப் ஓடி ஓடிக் காற்றைத் துப்பினால், தொட்டி காலியில்லை என்று தெரிந்த பிறகு, வடிகட்டிக் கிண்ணத்தின் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவிலிருந்து நீர் சொட்டாது, காற்று உள்ளே போகும், அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டி நிறைக்கும்போது நீர் வாய்வழியே எதிர்த்து வந்தாலோ, பம்ப் திணறினாலோ தொட்டியின் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும். கம்பி வலை மாட்டுங்கள்.

தண்ணீரில் வாடை என்றால் 5 சதவீத வீட்டுப் பிளீச்சிங் திரவம், வாசனை சேர்க்காதது, 100 லிட்டர் தொட்டிக்கு 100 மி.லி. ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விட்டு முழுக்க வடித்து இரண்டு முறை நிரப்பி அலசுங்கள். அலுமினியத் தொட்டியில் நெடுநேரம் விடாதீர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தால் அதன் சவ்வுக்குள் ஒரு சொட்டுக் குளோரினும் போகக்கூடாது.

## அடுப்பு தள்ளாடுகிறது, சுடர் நிற்கவில்லை

ஆடும் அடுப்பு படகோடு சாயாமல் நேராக நிற்பது கீழ்ப்பாரத்தால். அடுப்புமேல் 5 லிட்டர் பானை நிறையக் கஞ்சி ஏற்றினால் மேல்பாரமாகிக் கவிழப் பார்க்கும். ஓவனின் அடியில் ஈயத் தகடு அல்லது செங்கல் கட்டிக் கனத்தைக் கூட்டுங்கள். ஓவன் கதவைத் திறக்கும்போது கதவின் எடையால் அடுப்பு முன்னால் சாயும், பூட்டுக் கொண்டியைப் போட்டுவிட்டே திறக்க வேண்டும்.

கைப்பிடியை விட்டதும் சுடர் அணைந்தால் தெர்மோகப்பிள், அதாவது சுடரின் சூட்டை உணரும் கம்பி. அதன் நுனியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுடருக்குள் நன்றாக நனையும்படி வளைத்து வையுங்கள். மஞ்சள் சுடரும் பாத்திர அடியில் கரியும் வந்தால் பர்னர் கழுத்தில் சிலந்திவலை இருக்கலாம், அல்லது வேறு வாயுவுக்கான ஜெட் (வாயு பீச்சும் துளைமுனை).

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரு மடங்கு. வீட்டில் கசிந்தால் வாசல்வழி போகும், படகில் பில்ஜில் போய் உட்காரும். மாதம் ஒரு முறை சோதனை: அடுப்புக் கைப்பிடிகள் மூடியிருக்க, சிலிண்டரையும் மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வையும் திறந்து அழுத்தமானியைப் படியுங்கள். சோலினாய்டைத் திறந்தே வைத்துச் சிலிண்டரை மட்டும் மூடுங்கள். 3 நிமிடம் முள் அசையக்கூடாது. அசைந்தால் அன்று சமையல் இல்லை.

## நங்கூரத்தில் வெக்கை, ஓட்டத்தில் தூக்கமில்லை

நங்கூரத்தில் படகு காற்றை நோக்கியே நிற்கும். முன் ஹேட்ச் காற்றை வாங்க வேண்டும், ஏணிவாய் வெளியே விட வேண்டும். முன் ஹேட்ச்சின் மூடி பின்னால் கீல் வைத்து முன்னோக்கித் திறந்தால் நல்லது. இல்லையென்றால் அதன்மேல் துணிக் கூம்பு ஒன்றைக் கட்டுங்கள். காக்பிட்டுக்கு (படகை ஓட்டுபவர் அமரும் பள்ளத்துக்கு) அடியிலுள்ள பின் அறைக்கு இந்த ஓட்டம் எட்டாது. அங்கே காக்பிட் சுவரில் ஒரு சிறு ஜன்னலும் அரை ஆம்பியருக்குள் இழுக்கும் 12 வோல்ட் ஃபேனும் வேண்டும், இரவு முழுக்க ஓடினாலும் 4 ஆம்பியர்-மணி. கண்ணாடிக்கு உட்பக்கம் திரை போடுவதில் பயன் குறைவு, வெப்பம் உள்ளே வந்துவிட்ட பிறகு தடுத்து என்ன? மறைப்பு வெளியே, டெக்குக்கு மேல் இடைவெளி விட்டு. மழையிலும் காற்று வேண்டுமென்றால் டொரேட் பெட்டி என்ற டெக் காற்றுவாய்தான். 1930-இல் கடலில் இறங்கிய, ஓலின் ஸ்டீஃபன்ஸ் வரைந்த டொரேட் என்ற படகின் பெயரே அதற்கு வந்தது. நீர் வடிந்துவிட, காற்று மட்டும் தடுப்பைத் தாண்டி உள்ளே வரும்.

வாடைக் காலத்தில் மலாக்காவிலிருந்து இலங்கைக்கு மேற்கே ஓடும் படகுகளில் இரவெல்லாம் உருண்டு விழுகிறவர்கள் முன்கூம்பு அறையில் படுத்திருப்பார்கள். அங்கே ஆட்டம் மிக அதிகம். நடுச் சலூனின் (நடு அறையின்) நேரான இருக்கைக்கு மாறுங்கள், வளைந்த சோபா ஆகாது. அகலம் 60 செ.மீ. போதும், அதற்கு மேல் இருந்தால் பைகளைத் திணித்துக் குறுக்குங்கள். தாழும் பக்கம் திறந்திருந்தால் லீ கிளாத், அதாவது உருண்டு விழாமல் தடுக்கும் துணி, கட்டுங்கள்: தோளிலிருந்து முட்டிவரை நீளம், மெத்தைக்கு மேல் 45 செ.மீ. உயரம், அடிவிளிம்பு மெத்தைக்கு அடியில் மரப்பட்டி வைத்துத் திருகியது. வலைத்துணியாக இருந்தால் காற்று வரும். 80 கிலோ ஆள் 25 டிகிரிச் சாய்வில் அசையாமல் கிடந்தாலே 34 கிலோ துணியை இழுக்கும், அலை தூக்கிப் போட்டால் அதைப்போல் சில மடங்கு. மேல்கயிற்றை அலங்காரப் பலகையில் மாட்டாமல் கைப்பிடிக் கம்பியில் கட்டுங்கள், படுத்திருப்பவரே ஒரு இழுப்பில் அவிழ்க்கும் முடிச்சாக. படகு எதிலாவது முட்டினால் தலைக்குப் பதில் பாதம் மோதட்டும், ஆகவே கால் முன்பக்கம்.

## கரப்பான்

அட்டைப்பெட்டியின் மடிப்பில் முட்டை ஏறி வரும். பெட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பொருளை மட்டும் ஏற்றுங்கள். வந்துவிட்டால் போரிக் அமிலம், சர்க்கரை, பால்பொடி சம அளவு பிசைந்து உருண்டையாக்கி லாக்கர் மூலைகளில். குழந்தைகளும் பூனையும் உள்ள படகில் எட்டாத இடத்தில்.

## அறைக் கதவு இறுகுகிறது

இழைப்புளியை எடுக்குமுன் நில்லுங்கள். கரையில் தாங்கிகள்மேல் ஏற்றி வைத்த படகில் கதவு இறுகுவது சகஜம், ஹல் சீராகத் தாங்கப்படாமல் வளைகிறது, நீரில் இறங்கினால் சரியாகும். நீரில் இருக்கும்போது, அதுவும் பாய் ஏறி ஓடும்போது மட்டும் இறுகினால், கதவை இழைப்பது நோயை மறைப்பதாகிவிடும்.

கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அட்டைத் துண்டுகளால் துறைமுகத்தில் அளந்து எழுதுங்கள். ஓடும்போது மறுபடி. 1 மி.மீ. மாறினால் கவலையில்லை. 3, 4 மி.மீ. என்றால் மூன்று இடம் பாருங்கள். முதலாவது, தடுப்புச் சுவரை ஹல்லோடு சேர்க்கும் ஃபைபர்கிளாஸ் பட்டை: லாக்கர்களுக்குள் தலையை விட்டு நாணயத்தால் தட்டினால், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும், பெரும்பாலும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். இரண்டாவது, பாய்மரம் டெக்கில் நிற்கும் படகுகளில் அதன் பாரத்தைக் கீழே இறக்கும் தூணின் அடி: பல படகுகளில் அது ஷவர்நீர் தேங்கும் மூலையில், ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். கூரிய ஊசியால் குத்துங்கள். 5 மி.மீ. சுலபமாக இறங்கினால் கட்டை அழுகிவிட்டது. மேலே டெக் குழிந்திருக்கிறதா என்று ஒரு நேரான பலகையை பாய்மரத்தின் அடியில் வைத்தும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளின் இரும்புப் பட்டை டெக்கைத் துளைத்துத் தடுப்புச் சுவரில் போல்ட்டாகும் இடம். பிளைவுட்டில் பழுப்புக் கறை இருந்தால் போல்ட்டுகளைக் கழற்றி மரத்தைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

தூணின் அடியோ பட்டையின் இடமோ அழுகியிருந்தால் பாய்மரத்தைத் தளர்த்தி, தூணை ஜாக்கியில் தாங்கி, கட்டையை மாற்ற வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கைவிட, பொருத்தமாக வார்த்த ஃபைபர்கிளாஸ் கட்டையே மேல், அது இனி அழுகாது. இது படகுத்துறையில் செய்யும் வேலை. அங்கே போய்ச்சேரும்வரை பெரிய பாயை இரண்டு மடிப்பு சுருக்கியே ஓட்டுங்கள், காற்றை எதிர்த்துப் போக வேண்டாம். கதவைக் கழற்றி மெத்தைமேல் படுக்க வைத்துவிடுங்கள், உள்ளே யாராவது மாட்டிக்கொள்ள வேண்டாம்.